பினாங்குச் சிறையும் நம் மக்களும்



"உள்ளே போய்க் களி தின்றால்தான் புத்தி வரும்" என்று நம் தோட்டங்களில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். ஒரு திருட்டோ வெட்டுக்குத்தோ நடந்துவிட்டால், "பிடித்து அடைக்க வேண்டியதுதானே, விசாரணை எதற்கு? வழக்கறிஞர் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. உழைத்துச் சேர்த்த நகையைப் பறிகொடுத்தவருக்கு அப்படிக் கோபம் வருவது இயல்பே. ஆனால் நம் வீட்டுப் பிள்ளையையே ஒரு நாள் இரவில் போலீசார் அழைத்துப் போனால், "அவன் சொல்வதையும் கேளுங்கள் ஐயா" என்றுதான் தாய் கெஞ்சுவாள். கோபப்படுபவரும் கெஞ்சுபவரும் ஒரே லயத்தில் வாழ்பவர்கள். சில வேளைகளில் ஒரே வீட்டில் இருப்பவர்கள்.

சிறைக்கு அஞ்சிக் குற்றம் குறைகிறதா என்பது ஒரு கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு உரிமை எதற்கு என்பது இன்னொரு கேள்வி. இவற்றுக்கு விடை தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. பினாங்குத் தீவின் இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினாலே போதும். அந்த வரலாற்றில் நம் மக்களின் கண்ணீரும் கலந்திருக்கிறது.

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். வணிகம் வளர்ந்தது, கப்பல்கள் வந்தன, பல நாட்டு மக்களும் குடியேறினார்கள். ஆனால் சட்டப்படி அமைந்த நீதிமன்றம் மட்டும் வரவில்லை. சில்லறை வழக்குகளை அந்தந்த இனத்தின் தலைவர்கள் தீர்த்து வைத்தார்கள். கொலை போன்ற பெரிய குற்றங்களை எந்தச் சட்டப்படி, யார் விசாரிப்பது என்பதே தெளிவில்லாமல் இருந்தது. 1807-ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்து மன்னர் நீதிச் சாசனம் ஒன்றை வழங்கினார். அதன்படி அமைந்த நீதிமன்றம் 1808-இல் திறக்கப்பட்டது. சர் எட்மண்ட் ஸ்டான்லி அதன் முதல் நீதிபதி. ஆக, கொடி ஏறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகே இத்தீவில் முறையான நீதிமன்றம் ஏற்பட்டது.

ஆனால் கைதிகளோ அதற்கு முன்பே இங்கு வந்துவிட்டார்கள்! இந்தியாவில் தண்டனை பெற்றவர்களைக் கடல் கடத்தி அனுப்பும் தீவாந்தர தண்டனை அக்காலத்தில் நடப்பில் இருந்தது. 1796-இல் அந்தமானில் இருந்த முதல் குடியேற்றத்தை ஆங்கிலேயர் கைவிட்டபோது, அங்கிருந்த கைதிகளும் பினாங்குக்கே கொண்டுவரப்பட்டார்கள்.

அப்படிக் கடல் கடந்து வந்தவர்களுள் ஓர் இளைஞனைத் தமிழர்கள் மறந்துவிடக் கூடாது. சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டதும், 1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது வயது சுமார் பதினைந்து. அவனும் அவனோடு எழுபதுக்கு மேற்பட்ட வீரர்களும் 1802-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களுக்குத் தீர்ப்புச் சொன்னது நீதிமன்றம் அன்று, படை அதிகாரமே. வழக்கும் இல்லை, வாதமும் இல்லை. யாருடைய மகன் என்ற ஒன்றே அந்தப் பிள்ளைக்குப் பெருங்குற்றமாக ஆகிவிட்டது.

அந்தப் போரில் ஆங்கிலேயர் பக்கம் இருந்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி. போருக்கு முந்திய நாட்களில் சின்ன மருதுவிடமே ஈட்டி எறியக் கற்றுக்கொண்டவர் அவர். 1818-இல் பினாங்குக்கு வந்தபோது துரைசாமியை அங்கே பார்த்ததாகத் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். முப்பது வயதை ஒட்டியிருக்க வேண்டிய அந்த மனிதர் முதுமை தட்டிப்போய் நின்றாராம். விசாரணையற்ற தண்டனை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

துரைசாமியைப் போன்ற அரசியல் கைதிகள் சிலரே. கொலை, கொள்ளை, திருட்டு ஆகிய குற்றங்களுக்காக அனுப்பப்பட்டவர்களே மிகுதி. கால் விலங்கோடு காடு வெட்டினார்கள், சாலை போட்டார்கள், கல் சுமந்தார்கள். சிலருடைய நெற்றியிலேயே குற்றத்தின் பெயர் பச்சை குத்தப்பட்டிருந்தது. ஜார்ஜ் டவுனில் 1818-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டு, இன்றும் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் கைதிகளின் உழைப்பில் எழுந்ததுதான். பட்டணத்துக்குப் போகும்போது அந்தப் பக்கம் நடந்தால், அந்தக் கைகளையும் நினைத்துப் பாருங்கள்.

கடல் கடத்தப்படுவோம் என்ற அச்சத்திலேயே இந்தியாவில் குற்றம் நின்றுவிடும் என்று அதிகாரிகள் நம்பினார்கள். நின்றதா? நின்றிருந்தால் கைதிக் கப்பல்களும் நின்றிருக்க வேண்டும் அல்லவா? பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு இந்தியக் கைதிகளை அனுப்பும் ஏற்பாடு எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இங்கே எஞ்சியிருந்த கைதிகள் 1873-இல்தான் அகற்றப்பட்டார்கள். அதுவும் குற்றம் ஒழிந்துவிட்டது என்பதால் அன்று. இங்கே குடியேறியவர்கள் இனிக் கைதிகளை அனுப்பாதீர்கள் என்று மறுத்ததாலும், அந்தமான் மீண்டும் கைதிகளின் தீவாக ஆக்கப்பட்டதாலும்தான்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அத்தனை கைதிகளைக் கட்டிக் காக்கப் போதிய காவலர்கள் அரசிடம் இல்லை. ஆகவே கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார்கள். கவர்னர் பட்டர்வொர்த் 1845-இல் இதற்கு விதிகள் வகுத்தார். பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் நகரம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நன்னடத்தை உள்ளவன் ஒவ்வொரு வகுப்பாக மேலே ஏறலாம். விலங்கு கழலும், கூலி கிடைக்கும், தொழில் கற்கலாம். முதல் வகுப்பை எட்டியவன் அனுமதிச் சீட்டோடு வெளியே குடியிருந்து பிழைக்கலாம். நல்லவர் என்று பெயரெடுத்த கைதிகளையே மற்றக் கைதிகளுக்குக் காவலர்களாகவும் வைத்தார்கள். கடுமை குறைந்த ஆட்சி என்று அதைச் சொல்ல முடியாது. ஆயினும் கைதியை வழிக்குக் கொண்டுவந்தது சாட்டை மட்டும் அன்று. நாளை நமக்கு விடிவு உண்டு என்ற நம்பிக்கையும்தான் என்பதை அந்த ஏற்பாடு காட்டுகிறது.

ஜெயில் ரோட்டில் உள்ள பினாங்குச் சிறைச்சாலை 1849-ஆம் ஆண்டில் எழுந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் மக்கள் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். பத்து காவான், நிபோங் தெபால் வட்டாரங்களில் அவர்கள் வெட்டிய கரும்புக்குக் கணக்கில்லை. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர், காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. போனால் அது வெறும் வேலை நீக்கத்தோடு முடிகிற காரியம் அன்று, குற்றம்! வேலைக்கு வராமல் இருந்தாலும் குற்றம், ஓடிப்போனாலும் குற்றம். பிடிபட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி அபராதமோ சிறையோ விதிப்பார்கள். சிறையில் கழித்த நாட்கள் ஒப்பந்தக் கணக்கில் சேரா. வெளியே வந்ததும் மிச்ச நாட்களைத் தோட்டத்திலேயே உழைத்துத் தீர்க்க வேண்டும்.

அப்படிச் சிறை சென்றவர்கள் யார்? காய்ச்சலில் படுத்தவர், அடி பொறுக்காதவர், கடன் ஏறிப்போய்க் கையில் காசு பாராதவர். அவர்களுடைய மொழி அறியாத மன்றத்தில், அவர்களுக்காகப் பேச ஒருவரும் இன்றி நின்றவர்கள். சரி, சிறைக்கு அஞ்சி ஓடுவது நின்றதா? இல்லை. ஆட்கள் ஓடிப்போவது பற்றித் தோட்டத் துரைமார்கள் ஆண்டுக்கு ஆண்டு முறையிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டதற்காகச் சிறையில் அடைக்கும் சட்டமும் 1920-களின் தொடக்கத்தில் அகன்றது. அதன்பின் ஓடிப்போவது என்ற குற்றமே இல்லாமற் போயிற்று. பாருங்கள், சிறைக்கதவு பல்லாண்டு முயன்றும் தீராத ஒன்றைக் காரணத்தை நீக்கியதும் தீர்த்துவிட முடிந்தது. சட்டம் குற்றம் என்று சொல்வதெல்லாம் குற்றம் ஆகிவிடாது என்பதும் நம் முன்னோர் பட்ட பாட்டில் விளங்குகிறது.

எல்லாக் குற்றமும் அப்படி அன்று என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். கொலையும் கொள்ளையும் எந்நாளும் குற்றமே; தண்டனையும் வேண்டியதே. ஆனால் எந்தத் தண்டனை பலன் தரும்? இத்தாலி நாட்டறிஞர் பெக்காரியா 1764-ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து நூல் எழுதினார். தண்டனை எவ்வளவு கொடியது என்பதைவிட, அது தப்பாமல் கிடைக்குமா என்பதே மனிதனைத் தடுக்கும் என்பது அவர் முடிவு. அக்கால இங்கிலாந்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் இருந்தது. சிறு திருட்டுக்கும் தூக்கு உண்டு. அப்படியும் திருட்டு ஓயவில்லை. அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையும் இதே கருத்தை ஒட்டியே இருக்கிறது. சிறைக்காலத்தை நீட்டிக்கொண்டே போவதால் குற்றத்தை அதிகம் தடுக்க முடியாது என்பது அதன் முடிவு. காரணம் எளிது. குற்றம் செய்யப் போகிறவன் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கணக்குப் போடுவதில்லை. அகப்பட மாட்டோம் என்றுதான் நினைக்கிறான்.

தப்பாமல் தண்டனை கிடைக்க வேண்டுமானால், உண்மைக் குற்றவாளி அகப்பட வேண்டும். அங்கேதான் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை வருகிறது. நிரபராதி ஒருவன் உள்ளே போனால், செய்தவன் வெளியே நடமாடுகிறான் என்றுதானே பொருள்? சிலப்பதிகாரக் கதையை நம் பிள்ளைகளும் அறிவார்கள். பொற்கொல்லன் சொல்லை நம்பி, கோவலனை ஒரு வார்த்தை கேட்காமல் பாண்டியன் கொல்லச் சொன்னான். சிலம்பைத் திருடியவனோ அரண்மனைக்கு வேண்டியவனாகவே இருந்தான். ஆராயாத தீர்ப்பு, குற்றமற்றவனைக் கொன்றதோடு குற்றவாளியைக் காப்பாற்றவும் செய்தது.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 1969-ஆம் ஆண்டு மே கலவரத்துக்குப் பின் நாட்டில் அவசரகாலம் அமலுக்கு வந்தது. குற்றத் தடுப்புக்கென்று பிறந்த அவசரகாலச் சட்டம் ஒன்று, நீதிமன்ற விசாரணை இல்லாமலே ஒருவரை இரண்டாண்டு அடைத்து வைக்கவும், பிறகு அதை நீட்டிக்கவும் வழி செய்தது. அதே ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் ஜெரெஜாக் தீவில் ஒரு மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நம் பாட்டன்மார்களுக்குப் பழக்கமான தீவுதான் அது. ரஜுலா போன்ற கப்பல்களில் வந்தவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடம் அங்கேதான் இருந்தது. அந்தத் தீவு இப்போது தடுத்து வைக்கப்பட்டவர்களின் தீவாயிற்று. 1993-இல் அந்த மையம் மூடப்பட்டது. குண்டர் கும்பல்கள் அதோடு ஒழிந்துவிடவில்லை என்பதை நாம் அறிவோம்.

1975-இல் அவசரகாலத்தின் கீழ் இன்னொரு விதிமுறையும் வந்தது. பாதுகாப்பு வழக்குகள் என்று பெயரிட்டவற்றில் சாட்சியின் முகத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் பார்க்க முடியாதபடி மறைக்கலாம். செவிவழிச் செய்தியையும் சாட்சியமாக ஏற்கலாம். குற்றம் உறுதியானால் நீதிபதி மிக உயர்ந்த தண்டனையையே விதிக்க வேண்டும். சிறுவர்களுக்கும் விலக்கு இல்லை. இதன் விளைவு 1977-இல் பினாங்கில் வெளிப்பட்டது. கைத்துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவனுக்குப் பினாங்கு உயர்நீதிமன்றத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதிக்கு வேறு தண்டனை தரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

நாடே அதிர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வழக்கறிஞர் மன்றம் கூடி, இவ்விதிகளின் கீழ் நடக்கும் வழக்குகளில் உறுப்பினர்கள் வாதாட வேண்டாம் என்று தீர்மானித்தது. நியாயமாக வாதாட முடியாத இடத்தில் நிற்பது நியாயம் நடப்பதாகக் காட்டும் வேடமாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். பின்னர் மன்னிப்பு வாரியம் சிறுவனின் உயிரைக் காத்தது. அவன் ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். 1978 டிசம்பரில், மற்றொரு துப்பாக்கி வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் அந்த விதிமுறையே செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் 1979-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அவசரகாலப் பிரகடனங்கள் 2011 இறுதியில் விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகே அக்காலச் சட்டங்கள் மறைந்தன. ஆயினும் விசாரணையின்றித் தடுத்து வைக்கும் முறை முற்றிலும் போய்விடவில்லை. குற்றத் தடுப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2014-இல் நடப்புக்கு வந்த திருத்தம், அதற்கு மறுபடி இடமளித்தது.

மரண தண்டனையிலும் இதே பாடம் உண்டு. 1983-இல் போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை கொண்டுவரப்பட்டது. அதன்பின் பலர் தூக்கு மேடை ஏறினார்கள். கடத்தலோ நிற்கவில்லை. 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில், எல்லாக் குற்றங்களுக்கும் கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எதிர்பார்த்த பலனை அந்தத் தண்டனை தரவில்லை என்று அன்று துணையமைச்சராக இருந்த ராம் கர்ப்பால் சிங் மக்களவையில் எடுத்துச் சொன்னார். அவர் பினாங்கின் புக்கிட் குளுகோர் தொகுதி உறுப்பினர். அவ்வாண்டு ஜூலை 4 முதல் அச்சட்டம் நடப்புக்கு வந்தது. மரண தண்டனை அறவே போய்விடவில்லை. விதிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதியின் கைக்குத் திரும்பியது.

இனி, இவற்றால் நமக்கு என்ன பயன் என்று பார்ப்போம். மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு நம் ஒவ்வொருவருக்கும் காவல். கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தை விரைவில் சொல்ல வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச இடம் தர வேண்டும். பயண நேரம் போக இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் காவலில் வைக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து, மொத்தம் ஏழு நாள் அல்லது பதினான்கு நாள் என்று அதற்கு எல்லை உண்டு. விசாரிக்கத் தொடங்குமுன் உறவினர் ஒருவருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் தெரிவிக்கும் உரிமை உண்டு என்பதைப் போலீசார் சொல்ல வேண்டும். சில சூழ்நிலைகளில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு, 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, மரண தண்டனை விதிக்க முடியாது. வழக்கறிஞர் வைக்க வசதியற்றோருக்கு உதவத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இயங்குகிறது.

இந்த உரிமைகள் திருடனுக்குச் செய்யும் சலுகை என்று எண்ண வேண்டாம். திருடன் யார் என்று தவறாமல் கண்டுபிடிக்கும் வழியே இவைதாம். ஆகவே, பிள்ளையைப் போலீசார் அழைத்துச் சென்றால், அழுதுகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். எந்தக் காவல் நிலையம், என்ன காரணம், எந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று விசாரித்து அங்கே சென்று நில்லுங்கள். சட்ட உதவியைக் கேளுங்கள். சிறையிலிருந்து திரும்பி வருகிறவனை ஊரே ஒதுக்கிவிடாமல், அவனுக்கு ஒரு வேலையும் ஒரு மரியாதையும் கிடைக்கப் பாருங்கள். போக்கிடம் இல்லாதவன் பழைய கூட்டத்துக்கே போவான்.

கரும்புத் தோட்டத்திலிருந்து ஓடிப் பிடிபட்டு, மாஜிஸ்திரேட் முன் வாய் பேசாமல் நின்ற நம் முன்னோருக்குச் சட்டம் தெரியாது. துணைக்கு நிற்பவரும் இல்லை. இன்று நமக்குப் படிப்பு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கேட்கும் உரிமையும் இருக்கிறது. அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்வது நம் கடமை.